வசனமும் அதிகாரமும்: அன்றாட விவிலியச் சிந்தனைகள் குறித்து ஒரு திறனாய்வு

நம் இல்லங்களில் இன்று விவிலியத்தைவிட மிகுதியாக வாசிக்கப்படுவன விவிலியச் சிந்தனைகளே எனலாம். நாள்காட்டித் தாளின் பின்புறத்தில், ஆலய வாயிலில் விற்கப்படும் மாதச் சிற்றேடுகளில், விடியுமுன் கைபேசிக்கு வந்து சேரும் செய்திகளில் என எங்கும் ஒரு வசனமும், அதன்கீழ் பத்து வரி விளக்கமும், முடிவில் ஒரு சிறு மன்றாட்டும் காணப்படுகின்றன. கவிதையையும் புதினத்தையும் சீர்தூக்கிப் பார்க்கும் நம் இதழ்கள் இவ்வகை எழுத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பக்தி எழுத்தை எடைபோடலாமா என்னும் தயக்கமே அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால், மக்கள் எதை நாள்தோறும் உண்கிறார்களோ அதையன்றோ முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்? எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு திருத்தூதர் பவுலும் அறிவுறுத்துகிறார் (1 தெச 5:21). அந்த எண்ணத்துடனேயே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

எளிய ஏட்டின் பெருமை

தமிழில் அச்சேறிய முதல் ஏடுகளே இறைபக்திக்காக உருவானவை. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 1586-இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ ஆகிய இரண்டும் முத்துக்குளித்துறையில் உழைத்த இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கசு அடிகளாரின் கொடைகள். எனினும் கத்தோலிக்கரின் கையில் நெடுங்காலம் இருந்தவை செபங்களும் புனிதர் வரலாறுகளுமே. திருமறை நூலை மக்கள் மொழியில் முழுமையாக அச்சிட்டுப் பரப்பும் பணியில் தரங்கம்பாடியின் சீர்திருத்தச் சபையார் நம்மை முந்திக்கொண்டனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டு, விவிலியத்தை அறியாதிருப்பது கிறிஸ்துவையே அறியாதிருப்பதாகும் என்னும் புனித எரோணிமுசின் கருத்தை நமக்கு நினைவூட்டியது. 1969-இல் வந்த புதிய வாசக நூல், ஞாயிறுகளுக்கு மூன்று ஆண்டுச் சுற்றையும் வாரநாள்களுக்கு இரண்டு ஆண்டுச் சுற்றையும் வகுத்தது. 1995-இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு நம் கைக்கு வந்தது. அன்றாடச் சிந்தனை எழுத்து நம்மிடையே பெருகியது இந்த வளர்ச்சியின் பயனாகவே. அது நன்றியோடு குறிப்பிடத்தக்கது.

இவ்வெழுத்தின் நற்பண்புகளையும் மறைத்தலாகாது. அது சிறியது, ஆதலால் வேலைக்குப் புறப்படும் அவசரத்திலும் இடம் பெறுகிறது. நாளுக்கொன்றாக வருவதால் ஓர் ஒழுங்கைக் கற்பிக்கிறது. தனித்து வாழும் முதியவருக்கும் நோயுற்றவருக்கும் ஒரு குரலாகத் துணைநிற்கிறது. இறையியல் நூல்கள் நுழையாத வீட்டில் இது நுழைகிறது. ஆகவே இவ்வகை எழுத்தே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. எது நல்ல சிந்தனை, எது வெறும் சிந்தனைபோன்ற ஒன்று என்று பிரித்தறியும் அளவுகோல் எது என்பதே நம் வினா.

கிண்ணத்திலிருந்து எடுத்த வசனம்

அன்றாட வசனம் என்னும் வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. செருமனியின் எர்ன்கூட் என்னும் ஊரில் மொராவிய சகோதரர் சபையினர், தம் தலைவர் சின்சென்டார்ப் பிரபுவின் வழிகாட்டுதலில், 1728 முதல் நாளுக்கொரு வசனத்தை வீடு வீடாகச் சொல்லிவந்தனர். 1731 முதல் அது ஆண்டு நூலாக அச்சாகிறது. இன்றும் பல மொழிகளில் தொடர்ந்து வருகிறது. அதன் பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டுக் குலுக்கியே எடுக்கப்படுகிறது. பின்னர் அதற்கு இசைந்த புதிய ஏற்பாட்டு வசனம் தேர்ந்து சேர்க்கப்படுகிறது. இச்சபையினர் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து சில பத்தாண்டுகள் பணியாற்றியவர்கள். அவர்கள் அவ்வசனத்தைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, அதன்படி ஒரு நாளை வாழ முயன்றனர். அவர்தம் ஆர்வத்தை ஐயுற நமக்கு உரிமையில்லை.

ஆயினும் சீட்டாக எடுக்கப்படும் வசனம் தன் அதிகாரத்தை விட்டுப் பிரிந்தே நம் கைக்கு வருகிறது. ‘அதிகாரம்’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு நூற்பிரிவு, ஆணையுரிமை என இரு பொருள்கள் இருப்பது ஈண்டு எண்ணத்தக்கது. அதிகாரத்தினின்று பெயர்த்தெடுத்த வசனம், பெரும்பாலும் அதிகாரம் இழந்த வசனமாகிவிடுகிறது. வாசிப்பவரின் விருப்பமே அதன்மேல் அதிகாரம் செலுத்தத் தொடங்குகிறது. புத்தாண்டு இரவில் எடுக்கப்படும் வாக்குறுதி அட்டைகளைப் பாருங்கள். அவற்றில் ஆறுதலும் செழிப்பும் உண்டு. கடிந்துரை உண்டா? இருளோடு முடியும் 88-ஆம் திருப்பாடலை ஓர் அட்டையிலேனும் கண்டதுண்டா?

வசனத்தைப் பிரித்தெடுப்பதில் உள்ள இடரை நற்செய்தியே நமக்குக் காட்டுகிறது. பாலைநிலத்தில் ஆண்டவரைச் சோதிக்க வந்தவன் வெறுங்கையோடு வரவில்லை. 91-ஆம் திருப்பாடலோடு வந்தான் (மத் 4:6). தூதர்கள் காப்பார்கள் என்னும் வாக்குறுதியை அவன் சரியாகவே சொன்னான். ஆனால், ‘நீ செல்லும் வழிகளில்’ என்னும் பொருள்தரும் சொற்களை விட்டுவிட்டான். கோவில் உச்சியிலிருந்து குதிப்பது எவருடைய வழியும் அன்று. ஆண்டவரோ இணைச்சட்டத்தைக் கொண்டு விடையளித்தார் (இச 6:16). மறைநூலை மறைநூலோடு சேர்த்து வாசிப்பதே அவரது முறை.

இரண்டு ஆண்டும் எழுபது ஆண்டும்

இனி ஓர் எடுத்துக்காட்டை விரிவாகக் காண்போம். நாள்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் மிகுதியாகக் காணப்படும் வசனங்களுள் ஒன்று எரேமியா 29:11. ஆண்டவர் நமக்கென வைத்துள்ள திட்டங்கள் கேட்டிற்கானவை அல்ல, நல்வாழ்விற்கானவை. அவை வளமான எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் தருவன என்பது அதன் பொருள். இதற்கு எழுதப்படும் சிந்தனைகள் ஏறத்தாழ ஒரே தடத்தில் செல்கின்றன: தேர்வில் தோல்வியா, திருமணத் தடையா, தொழிலில் இழப்பா? கலங்க வேண்டாம், கடவுள் விரைவில் மாற்றுவார்.

அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் நாம் காண்பது வேறு. கி.மு. 597-இல் எக்கோனியா அரசனும் தலைவர்களும் கைவினைஞரும் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய மடலே இது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்னும் இறைவாக்கினர் வருகிறார். இரண்டே ஆண்டுகளில் ஆண்டவர் எல்லாரையும் திரும்பக் கொண்டுவருவார் என்று கோவிலில் அறிவித்து, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை வாங்கி உடைக்கிறார் (எரே 28:3, 10). மக்களுக்கு அது எத்துணை இனித்திருக்கும்! எரேமியாவின் மடலோ கசப்பான செய்தியைச் சொல்கிறது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் அமைத்து அதன் பலனை உண்ணுங்கள், மணம் செய்து பிள்ளைகளைப் பெறுங்கள், உங்களை நாடுகடத்திய நகரின் நலனை நாடுங்கள், அதற்காக மன்றாடுங்கள் (29:5-7). உங்கள் நடுவே உள்ள இறைவாக்கினர் உங்களை ஏமாற்ற விடாதீர்கள் (29:8). எழுபது ஆண்டுகள் நிறைவுற்ற பின்னரே மீட்பு (29:10). இதற்குப் பின்னரே 11-ஆம் வசனம் வருகிறது.

எழுபது ஆண்டு என்றால், அம்மடலைக் கேட்ட வளர்ந்தவருள் பெரும்பாலோர் திரும்புவதைக் காணப்போவதில்லை. வாக்குறுதி அவர்தம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரியது. அதில் உள்ள ‘உங்கள்’ என்னும் சொல் ஒரு சமூகத்தைக் குறிக்கும் பன்மை. தமிழில் ‘உங்கள்’ என்பது மரியாதை ஒருமையாகவும் வழங்குவதால், வாசிப்பவர் தம் ஒருவருக்கே சொன்னதாக அதை எளிதில் எடுத்துக்கொள்கிறார். இவ்வாறு எழுபது ஆண்டும், தோட்டமும், பகைநகரின் நலமும், பன்மையும் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோக, எஞ்சுவது விரைவான தனிநபர் வெற்றி. எரேமியாவின் சொல்லை எடுத்துக்கொண்டு அனனியாவின் செய்தியைச் சொல்லும் சிந்தனைகள் இவை. இதுவே இவ்வகை எழுத்தின்மேல் நாம் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு.

நாடுகாணியில் இம்மடல்

இதனால் என்ன கேடு விளைந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். அவ்வினாவுக்கு விடைகாண இம்மடலை நீலகிரியின் மேற்கு விளிம்பிலுள்ள நாடுகாணியில் வைத்து வாசிப்போம். கூடலூரிலிருந்து வரும் சாலை இங்கே இரண்டாகப் பிரிந்து, ஒன்று வழிக்கடவு, நிலம்பூர் நோக்கிக் கேரளச் சமவெளிக்கு இறங்குகிறது. மற்றொன்று தேவாலா, பந்தலூர் வழியே வயநாட்டுக்குச் செல்கிறது. மலையின்மேல் நின்று கீழுள்ள நாட்டைக் காணும் இடம் என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்வர். விரைவான வாக்குறுதிகளை இப்பகுதி முன்னரே அறியும். தேவாலாவிலும் பந்தலூரிலும் பொன் கிடைக்கும் என்று 1880-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலேயக் கம்பெனிகள் பங்குகளை விற்றன. சில ஆண்டுகளுக்குள் யாவும் குலைந்து, பாழடைந்த குழிகளே எஞ்சின.

இப்பகுதியின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோருள் பெரும்பாலோர் ‘தாயகம் திரும்பியோர்’ எனப்படுவர். அவர்தம் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டவர்கள். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என மக்கள் பங்கிடப்பட்டனர். எஞ்சியோரின் கணக்கு 1974-இல் மற்றோர் உடன்பாட்டால் தீர்க்கப்பட்டது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் அரசின் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1976 முதல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, அதாவது ‘டேன்டீ’யாக இயங்குகிறது. அங்கே ‘இந்தியாக்காரர்’ எனப்பட்டவர்கள் இங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர். ஒப்பந்தம் கையெழுத்தாகி அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. எரேமியா சொன்ன எழுபது இவர்களுக்கு வெறும் எண்ணன்று.

இம்மக்களின் லயன் வீட்டுச் சுவரில் 29:11 மட்டும் தொங்கினால் என்ன ஆகும்? ‘வளமான எதிர்காலம்’ இன்னும் வராதது நம் விசுவாசக் குறையால்தானோ என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்வர். அல்லது, வசனம் வசனமாக இருக்கட்டும், வாழ்க்கை வேறு என்று இரண்டையும் பிரித்து வைத்துவிடுவர். ஐந்தாம் வசனத்தையும் சேர்த்து வாசித்தாலோ, வேறு வினாக்கள் எழுகின்றன. வீடு கட்டிக் குடியிருங்கள் என்கிறார் ஆண்டவர். ஓய்வுபெற்றதும் காலிசெய்ய வேண்டிய குடியிருப்பு வீடாகுமா? தோட்டம் அமைத்துப் பலனை உண்ணுங்கள் என்கிறார். ஐம்பது ஆண்டு தாம் வளர்த்த செடியில் இவர்களுக்குப் பங்கு என்ன? டேன்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தரும் அரசின் முடிவு 2022-இல் வெளியானபோது கூடலூர், பந்தலூர் பகுதியில் எழுந்த கலக்கத்தின் உள்ளே இருந்தவை இவ்வினாக்களே.

ஏழாம் வசனம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. நீங்கள் வாழும் இடத்தின் நலனை நாடுங்கள் என்கிறது. இந்த இடத்தில் இவர்களுக்கு முன்னரே வாழ்ந்து, இவர்களினும் நிலமற்றுப்போன பணியர் உண்டு, காட்டுநாயக்கர் உண்டு, மலையாள விவசாயிகள் உண்டு, யானைகளின் வழித்தடமான காடும் உண்டு. என் எதிர்காலம், என் நிலம் என்று மட்டும் கேட்க இம்மடல் இடந்தராது. ஒரே மடல் உரிமை கேட்கவும் கற்பிக்கிறது, அடுத்தவர் உரிமையை மதிக்கவும் கற்பிக்கிறது. வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர் இவ்விரண்டையும் இழக்கிறார்.

நம் அன்பியக் கூட்டமொன்றில் இவ்வதிகாரம் முழுமையாக வாசிக்கப்பட்டபோது, இதுவரை எந்த விளக்க நூலிலும் நாம் காணாத வினாவொன்றை மூதாட்டி ஒருவர் எழுப்பினார். “சாமி, இந்தக் கடுதாசி எழுதினவரு அவங்ககூடப் போனாரா, இல்ல ஊர்லயே இருந்துகிட்டு எழுதினாரா?” ஆறுதல் சொல்பவர் எங்கே நின்று சொல்கிறார் என்பதே அவர் கேட்டது. சிந்தனை எழுதும் ஒவ்வொருவரும் தம் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய வினா இது. இதற்கான விடையைப் பின்னர்க் காண்போம்.

மலைகளும் ஒரு வினாக்குறியும்

மலைநாட்டில் பெரிதும் விரும்பப்படும் மற்றொரு பகுதி 121-ஆம் திருப்பாடல். நீலகிரியின் படத்தை அச்சிட்டு, அதன்மேல் இத்திருப்பாடலின் முதல் வரியைப் பொறித்த அட்டைகள் பல வீடுகளில் உண்டு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, உதவி மலைகளிலிருந்து வருவதாகப் பொருள்படும்படி அவ்வரியை அமைத்தது. திருவிவிலியமோ எபிரேயத்துக்கு இசைய அங்கே ஒரு வினாக்குறியை இட்டது: மலைகளைப் பார்க்கிறேன், எனக்கு உதவி எங்கிருந்து வரும்? அடுத்த வரி விடை தருகிறது: மலைகளிடமிருந்தன்று, விண்ணையும் மண்ணையும் உண்டாக்கிய ஆண்டவரிடமிருந்தே. ஒரு வினாக்குறி பொருளையே மாற்றிவிடுகிறது. மலை இங்கே அழகிய காட்சியன்று. திருப்பயணி கடக்க வேண்டிய அச்சம். இது எருசலேமுக்கு ஏறிச்செல்லும் பயணிகளின் பாடல்கள் பதினைந்தனுள் ஒன்று (திபா 120-134).

அச்சத்தின் பாடலாக வாசிக்கும்போது இத்திருப்பாடல் இம்மலையில் உயிர்பெறுகிறது. கால் இடறாதபடி காப்பார் என்பதன் பொருளை, தென்மேற்குப் பருவமழையில் வழுக்கும் சரிவில் கொழுந்துக் கூடையோடு நிற்பவர் அறிவார். போகும்போதும் வரும்போதும் காப்பார் என்பதன் பொருளை, யானை நடமாடும் பாதையில் அதிகாலையிலும் அந்தியிலும் நடப்பவர் அறிவார். ஆனால் யானை தாக்கி இறந்தவரின் வீட்டில் இதை எப்படி வாசிப்பது? கடவுள் எந்தத் தீங்கும் அணுகவிடமாட்டார் என்று நேற்று எழுதிய சிந்தனை இன்று அந்த வீட்டு வாசலில் வாயடைத்து நிற்கும். அதே திருப்பாடல்கள் நூலில் கைவிடப்பட்டோரின் 22-ஆம் பாடலும், இருளில் முடியும் 88-ஆம் பாடலும் இருப்பதை அறிந்து எழுதியவர் மட்டுமே அந்த வாசலில் வாய்திறக்க முடியும். நல்ல சிந்தனைக்கு இது ஓர் உரைகல்: துக்க வீட்டில் வாசிக்கக் கூசும் எதையும் மகிழ்ச்சி வீட்டுக்கும் எழுதலாகாது.

திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமைக்கும் (மத் 20:1-16) இவ்விதியே நேர்ந்துள்ளது. புனித பெரிய கிரகோரியார் அவ்வுவமையின் ஐந்து வேளைகளை உலக வரலாற்றின் ஐந்து காலங்களாகவும் மனித வாழ்வின் பருவங்களாகவும் விளக்கினார். அது ஆழ்ந்த விளக்கம். அதன் நிழலாக இன்று எஞ்சியிருப்பது, முதுமையில் மனந்திரும்பினாலும் விண்ணகம் உண்டு என்னும் ஒற்றை வரி. பறித்த கொழுந்தைத் தராசில் வைத்துக் கூலி கணக்கிடும் ஊரில், எங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்னும் ஏழாம் வசனத்தின் குரலை எப்படிக் கேளாமல் போகலாம்? அதே வேளையில், இவ்வுவமையைக் கூலிச் சட்டமாக மட்டும் சுருக்குவதும் பிழையே. அடுத்தவர் நிறைவாகப் பெறும்போது உனக்கு ஏன் பொறாமை என்று நிலக்கிழார் கேட்கும் கேள்வி (20:15), உரிமைக்காகப் போராடுவோரையும் விட்டுவைப்பதில்லை. பக்தியின் பெயரால் வசனத்தைப் பெயர்த்தாலும், சமூக நீதியின் பெயரால் பெயர்த்தாலும், பெயர்த்தல் பெயர்த்தலே.

கழுகின் அலகு

உரைநடையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நம் சிந்தனை ஏடுகளில் கதைகள் மலிந்துள்ளன. அவற்றுள் ஒன்று கழுகின் கதை. நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குச் சென்று, தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களையும் இறகுகளையும் பிடுங்கி, புத்துயிர் பெற்று மேலும் முப்பது ஆண்டுகள் வாழ்கிறதாம். எசாயா 40:31-க்கு விளக்கமாக இது மறையுரைகளிலும் இடம்பெறுகிறது. இது உண்மையன்று. அலகை இழந்த கழுகு இரையைக் கிழித்து உண்ண முடியாமல் பட்டினியால் இறந்துபோகும். நாடுகாணிக் காட்டின்மேல் வட்டமிடும் பாம்புண்ணிக் கழுகைப் பார்த்துப் பழகிய சிறுவனுக்கு இக்கதையைச் சொன்னால், அவன் கதையோடு எசாயாவையும் சேர்த்தே ஐயுறுவான். உண்மையாம் கடவுளை அறிவிக்கப் பொய்க்கதை எதற்கு? ஆண்டவர் சொன்ன உவமைகளில் விதையும், புளிப்பு மாவும், காணாமற்போன காசும், தம் மக்கள் நாள்தோறும் கண்டவையே. நம் எழுத்தாளர்கள் எங்கிருந்தோ வந்த அரசன் கதையையும் வெளிநாட்டுத் தொழிலதிபர் கதையையும் விட்டு, தம் பங்கின் பாதையில் கிடப்பவற்றைப் பார்த்து எழுதினால் தமிழும் சிறக்கும், சிந்தனையும் சிறக்கும்.

ஒரு வசனம் போதாதா?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஒரே ஒரு வசனத்தால் வாழ்வு மாறிய புனிதர்கள் இல்லையா? உண்டு. 386-இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் புனித அகுஸ்தீன் பவுலின் மடலைத் திறந்து, கண்ணில் பட்ட முதல் பகுதியை வாசித்தார் (உரோ 13:13-14). அதுவே அவர் மனமாற்றத்தின் நிறைவாயிற்று. எனினும் அவர் அதற்கு முன்னரே பவுலை ஆர்வத்தோடு கற்றுவந்தவர் என்பதை மறத்தலாகாது. அவர் கண்ட வசனமும் அவரைத் தட்டிக்கொடுக்கவில்லை. அவர் விடமுடியாமல் பற்றியிருந்ததையே விடச் சொன்னது. புனித வனத்து அந்தோணியார் ஆலயத்தில் வாசிக்கப்பட்ட மத்தேயு 19:21-ஐக் கேட்டார். வெளியே வந்ததும் தம் பெற்றோர் விட்டுச்சென்ற வளமான விளைநிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டார்.

இவ்விருவரையும் அவர்களை அழைத்த வசனங்களையும் வைத்துப் பார்த்தால் அளவுகோல் தெளிவாகிறது. தனி வசனம் தவறன்று. அது நம்மிடம் எதையேனும் கேட்கிறதா, அல்லது நாம் ஏற்கெனவே விரும்பியதற்கு முத்திரை மட்டும் இடுகிறதா என்பதே வினா. பன்னிரண்டாம் நூற்றாண்டின் துறவி இரண்டாம் குய்கோ, இறைவார்த்தையை வாசித்தல், தியானித்தல், மன்றாடல், ஆழ்நிலைத் தியானம் என நான்கு படிகளாக வகுத்தார். நம் ஏடுகளில் பலவும் வாசித்தலைத் தாண்டி நேரே ஆறுதலுக்குத் தாவிவிடுகின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ (2013) ஊக்கவுரையில், ஆறுதலுக்காக எழுதப்பட்ட பகுதியைக் கண்டிக்கப் பயன்படுத்தலாகாது என்று மறையுரையாளரை எச்சரிக்கிறார். அதனைத் திருப்பியும் சொல்லலாம்: நெடிய பொறுமையைக் கேட்க எழுதப்பட்ட பகுதியை விரைவான வெற்றிக்குப் பயன்படுத்தலாகாது.

இப்போது மூதாட்டியின் வினாவுக்கு வருவோம். எரேமியா அவர்களோடு போகவில்லை, எருசலேமிலேயே இருந்தார். ஆனால் வசதியாக இருந்தாரல்லர். அதே நூலின் 32-ஆம் அதிகாரத்தில், பாபிலோனியப் படை நகரை முற்றுகையிட்டிருக்கும் வேளையில், அவர் காவல்கூடத்தில் அடைபட்டிருக்கிறார். நாடு கைவிட்டுப் போகப்போகிறது என்பதை எவரினும் நன்கு அறிந்தவர் அவரே. அந்நிலையில் அனத்தோத்திலிருந்த தம் உறவினரின் நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்குகிறார். பத்திரம் எழுதி, சாட்சிகளிடம் கையொப்பம் பெற்று, மண்கலத்தில் வைத்துக் காக்கச் சொல்கிறார். இந்நாட்டில் மீண்டும் வீடுகளும் நிலங்களும் வாங்கப்படும் என்னும் ஆண்டவரின் வாக்கே அதற்குக் காரணம் (32:9-15). தாம் அறிவித்த வாக்குறுதிக்குத் தம் கையிலிருந்த வெள்ளியை நிறுத்துக் கொடுத்தவர் அவர். அந்தோணியார் காணியைக் கொடுத்தார். எரேமியா காணியை வாங்கினார். இருவருக்கும் வசனம் விலையுடையதாயிற்று.

ஆகவே சிந்தனை எழுதுவோரிடம் நாம் மூன்றை எதிர்பார்க்கிறோம். வசனத்தை அதன் அதிகாரத்தில் வைத்துக் காட்டுங்கள். வாசகரை அவர் வாழும் இடத்திலும் தொழிலிலும் வைத்துப் பாருங்கள். நீங்கள் எழுதும் ஆறுதலுக்கு நீங்கள் நிறுத்துக் கொடுத்த வெள்ளி எவ்வளவு என்று உங்களையே கேளுங்கள். இது எழுதும் நமக்கும், மறையுரை ஆற்றும் குருக்கள் அனைவருக்கும் பொருந்தும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ மையம் உருவாக்கிய ஏழு படி விவிலியப் பகிர்வு முறை நம் அன்பியங்களுக்குப் பழக்கமானதே. அதில் எழுத்தறியாதவரும் பேசுகிறார், குருவும் கேட்கிறார். சிற்றேட்டை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் அதைப் படித்த பின், அவ்வசனம் உள்ள அதிகாரத்தை வாரம் ஒரு முறையேனும் குடும்பமாகவோ அன்பியமாகவோ முழுவதும் உரக்க வாசியுங்கள். சுவரில் தொங்கும் அட்டையை எடுத்துவிட வேண்டாம். அதன் மறுபுறத்தில், அவ்வதிகாரத்தில் உங்களைத் தொந்தரவு செய்த மற்றொரு வசனத்தையும் எழுதி வையுங்கள். சில நாள் இந்தப் பக்கமும் சில நாள் அந்தப் பக்கமும் தெரியட்டும்.